சித்திரையில் பனி பெய்யும் தேசம்

எங்கள் வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இங்கிலாந்திலிருந்து ஒரு பத்திரிகை வரும். சென்னையில் நான் வரலாறு படித்தபோது பாடம் எடுத்த வெள்ளைக்கார அம்மையார், வேலை முடிந்து ஊர் திரும்பும்போது என் கல்யாணப் பரிசாக அதற்குச் சந்தா கட்டினார். ஒவ்வொரு வருடமும் அவரே புதுப்பித்தும் வந்தார். பழைய கோட்டைகள், ஆற்றங்கரைக் கிராமங்கள், ராஜாக்களின் கதைகள், எந்தப் பாதையில் நடந்தால் எந்தப் பாலத்தைப் பார்க்கலாம் என்ற குறிப்புகள், இவைதான் அதில் இருக்கும். போக முடியாத ஊருக்கு வழி சொல்லும் பத்திரிகையில் அப்படி என்ன சந்தோஷம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் தபால்காரர் பழுப்புக் காகிதம் சுற்றிய அந்தச் சுருளைக் கொடுத்துவிட்டுப் போன அன்று, குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று எனக்கு நினைவிருக்காது.

நான் வாழ்க்கைப்பட்டது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறை வீட்டுக்கு. நெசவுக்காரர்கள் கொண்டு வரும் பட்டு நூலுக்கு என் மாமனார் சாயம் ஏற்றிக் கொடுப்பார். வீட்டுக்குப் பின்னால் அடுப்பும் சாயம் காய்ச்சும் கொப்பரைகளும். மூங்கிலில் அரக்கும் மாம்பழ மஞ்சளுமாக நூல் காய்ந்துகொண்டிருக்கும். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அதனால் வீட்டில் எது நடக்க வேண்டும் என்றாலும் மாமனாரின் வார்த்தைதான்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்தப் பத்திரிகைக்கு என்னைவிட அவர்தான் பெரிய வாசகர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் வந்து உட்காருவார். முழங்கை வரை ஏறிய சாயம் எத்தனை கழுவினாலும் போகாது என்பதால், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். பக்கத்தை நான்தான் திருப்ப வேண்டும்.

"திருப்பும்மா. ம்... நில்லு, நில்லு. இது இன்னா கோயிலு? கூரையே இல்லியே?"

"ஒரு ராஜா இடிச்சிட்டாரு மாமா. போப்பாண்டவரோட சண்டை போட்டுக்கினு மடத்தையெல்லாம் மூடிட்டாரு."

"எந்த ராஜா? ஆறு பொண்டாட்டி கட்டினவனா?"

"அவருதான்."

"அவன் அப்பிடித்தான் செய்வான். ரெண்டு பேர் தலைய வேற எடுத்துட்டான்னு சொன்னியே. ஏம்மா, அந்தப் பொண்ணுங்களுக்கு அண்ணன் தம்பி ஒருத்தன் இல்லியா, வந்து கேக்கறதுக்கு?" பிறகு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "பூச நின்னுபோன கோயிலைப் போயி இவ்ளோ அழகா படம் புடிச்சிப் போட்டுக்கினு இருக்கானுங்க. புல்லு பாரு, இன்னா பச்ச! இந்தப் பச்ச நம்ம கொப்பரையில எறங்கவே எறங்காது."

இப்படிப் பார்த்துப் பார்த்து அவராகவே அந்த நாட்டைப் பற்றி ஒரு கணக்கு வைத்திருந்தார். பனி மூடிய மரங்களும் உறைந்த குளமும் உள்ள இதழ் எங்களுக்குச் சித்திரையில் வரும். வெயிலில் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களும் கையில்லாத சட்டை போட்ட குழந்தைகளும் உள்ள இதழ் ஐப்பசி மழையில் வரும். எனவே அந்த நாட்டில் எல்லாம் நமக்கு நேர்மாறு, நமக்குக் கத்திரி வெயிலென்றால் அவர்களுக்குப் பனி என்று அவர் முடிவு கட்டியிருந்தார். "பத்திரிகை கப்பல்ல வருது மாமா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "ஆமாம்மா, அவ்ளோ தொலவுலேருந்து வேற எதுல வரும்?" என்றார். சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்த காலம் அது. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தன. அதை விளக்கத் தொடங்கினேன். அதற்குள் அடுப்பில் தண்ணீர் கொதித்துவிட்டதென்று யாரோ கூப்பிட, அவர் எழுந்து போய்விட்டார். அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் விட்டுவிட்டேன். நூல் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் அதைச் சொல்லுவார். அவர்களும் ஆச்சரியப்பட்டுக் கேட்டுக்கொண்டு போவார்கள்.

என் கணவர் சாயத் தொழிலையே ரசாயனமாகப் படித்தவர். அந்த வருடம் ஆடி மாதத்தில் அவருக்கு வட இங்கிலாந்தில் ஒரு மில் ஊரில் இரண்டு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. மார்கழியில் புறப்பட வேண்டும். மனைவியையும் குழந்தையையும் அழைத்துப் போகலாம், அதற்கும் சேர்த்தே உதவித்தொகை.

அன்றைக்கு நான் பெட்டியிலிருந்த அத்தனை இதழ்களையும் எடுத்துக் கூடத்தில் பரப்பினேன். ரோமானியர்கள் கட்டிய சுவரும் கூரையில்லாத மடமும் அந்த ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்தான் இருந்தன. ஆனால் அந்த ஊர் மட்டும் ஒரு இதழிலும் இல்லை. கடைசியில் ஒரு கட்டுரையில் அதன் பெயர் ஒரே ஒரு வரியில் கிடைத்தது. மில் புகையில் கறுத்துப்போன அந்த ஊரின் கல் வீடுகள் மழையில் மின்னும்போது பார்க்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். முன்பு படித்தபோது அது எனக்கும் அழகாகத்தான் இருந்திருக்கிறது. இப்போது வேறொன்று தோன்றியது. கல்லே கறுத்துப்போகிற இடத்தில் ஒரு குழந்தையின் மூச்சுக்குழல் என்ன ஆகும்?

எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. மழை தொடங்கினால் தொடங்கும், பனி விலகினால் விலகும். இழுப்பு வந்தால் விலா எலும்புகளுக்கு நடுவேயும் கழுத்துக்குக் கீழேயும் தோல் குழிந்து குழிந்து எழும். நான் அவளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த மூச்சு போன மூச்சைவிடச் சுலபமாக இருந்ததா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டோமோ என்றிருக்கும். போகாவிட்டால் ரொம்ப லேட்டாகிவிடுமோ என்றிருக்கும்.

அவளை என்னோடு சேர்ந்து வளர்த்தவர் என் கணவரின் அக்கா. அடுத்த தெருவில் இருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருக்குப் பிள்ளை இல்லை. விடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து குழந்தையை இடுப்பில் தூக்கினால், தன் கணவர் சாப்பாட்டுக்கு வரும் நேரத்துக்குத்தான் இறக்கி விடுவார்.

விஷயம் தெரிந்த அன்றே அவர் கேட்டுவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கம்மா. புள்ளைய என்னாண்ட வுட்டுட்டுப் போங்க. அந்தக் குளுரு தாங்குமா அது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆசையும் இருந்தது. எது எவ்வளவு என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்தால் என் குழந்தை அவரைத்தான் அம்மா என்று கூப்பிடும். அந்த நினைப்பே எனக்குப் பயமாக இருந்தது.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. குழந்தைக்கு இழுப்பு வந்தது. அந்த வாரமே, வெயிலும் புல்வெளியுமாக அந்த வருடத்துக் கோடை இதழும் வந்து சேர்ந்தது.

மாமனார் வழக்கம்போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். கடற்கரையில் வாளியோடு ஒரு சிறுமி. மூக்கில் வேர்வை. அவர் வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பச் சொல்லவில்லை.

"பாப்பா போவட்டும்," என்றார்.

என் கணவர் நிமிர்ந்தார். "இன்னாப்பா சொல்றீங்க?"

"இங்க மழையும் பனியும் வந்தா அதுக்கு இழுப்பு. இன்னும் தை முடியறவரைக்கும் கஷ்டப்படும். அங்க பாரு, இப்பத்தான் வெயிலே ஆரம்பிக்குது. மார்கழியில போயி எறங்கினா சித்திர வரைக்கும் பயமில்ல. அதுக்குள்ள அந்த ஊரு காத்து ஒத்துக்கும். புள்ளைக்கு நல்லதுன்னுதான் சொல்றேன்."

என் கணவர் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்தார். நான் இதழை மூடினேன். அட்டையின் மூலையில் 'கோடை' என்று அச்சிட்டிருந்தது. ஆனி மாதத்துக்காக அச்சடித்து, ஆடியில் கப்பலேறி, ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த கோடை அது.

எனக்கு வேண்டியது கேட்காமலே கிடைத்திருந்தது. குழந்தையோடு போகலாம். அந்தச் சுவரையும் மடத்தையும் பார்க்கலாம். மாமனாரே உத்தரவு கொடுத்துவிட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். திறக்காவிட்டால் இந்தக் குழந்தை தன் வாழ்நாளிலேயே பார்க்காத குளிருக்குள், அதன் நட்டநடுவில் போய் இறங்கும்.

உள்ளே போனதும் கணவர் சொன்னார், "இங்க பாரு, அப்பாவே ஒத்துக்கினாரு. நீ பாட்டுக்கு எதையாவது ஆரம்பிக்காத."

"அவரு தப்பா நெனச்சிக்கினு இருக்காரு. அங்க மார்கழி, தைதாங்க கடுங்குளிரு."

"தெரியும். வூட்டுக்குள்ள கணப்பு அடுப்பு இருக்குது. கம்பளிச் சட்டை இருக்குது. அந்த ஊருல கொழந்தைங்களே இல்லியா?"

"இழுப்பு இருக்கற கொழந்தைங்களுக்கு?"

"அதுக்கும் ஆஸ்பத்திரி இருக்குது, நம்ம ஊர விட நல்லா. உனக்கு அங்க போவணும்னு ஆசையே இல்லியா?"

இருந்தது. அதுதான் என்னை எதையும் நம்பவிடாமல் செய்தது. போகலாம் என்று தோன்றும்போதெல்லாம், இது குழந்தைக்காகவா, மடத்துப் படத்துக்காகவா என்று சந்தேகம் வந்தது. வேண்டாம் என்று தோன்றினால், இது அக்கறையா, பழக்கமில்லாத ஊரைப் பற்றிய பயமா என்று சந்தேகம் வந்தது.

டாக்டரிடம் கேட்டேன். "ஈரமும் நிலக்கரிப் புகையும் இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு ஆகாதும்மா. ஆனா சில பிள்ளைங்களுக்கு ஊர் மாறினாலே சரியாப் போயிடுது. முன்கூட்டிச் சொல்ல முடியாது," என்றார். நான் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து, "நீங்கதான் முடிவு பண்ணணும்," என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கடைசி வார்த்தைக்குப் பயந்துதான் அதுவரை நான் அவரிடம் போகாமல் இருந்திருக்கிறேன்.

கார்த்திகையில் பாஸ்போர்ட் வந்துவிட்டது. குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட் இல்லை; என் மடியில் உட்கார்ந்திருந்த அவள் முகம் என் போட்டோவிலேயே இருந்தது. அந்த வாரம் ஐயம்பேட்டையிலிருந்து ஒரு நெசவுக்காரர் கல்யாணப் புடவைக்கு நூல் கொடுக்க வந்திருந்தார். மழை விட்டிருந்தது. மாமனார் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று அவரிடம் பேத்தி சீமைக்குப் போகப்போவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். என் கணவர் காய்ந்த நூலைக் கழியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஊரே ஒரு தினுசுப்பா," என்றார் மாமனார். "நமக்குக் கத்திரி வெயில்ல மண்ட பொளக்கும்போது அவனுக்கு ஐஸ் கொட்டும். நமக்குக் குளுரு காலத்துல அவன் சட்டயக் கழட்டிட்டு வெயில் காயுவான். படம் போட்டு வருதே."

"அட!" என்றார் வந்தவர்.

அண்ணி சட்டென்று அழுதுவிட்டார். "அப்பா, வாணாம்ப்பா. படத்தப் பாத்துக்கினு புள்ளைய அனுப்புவாங்களா? நேத்து ராத்திரியெல்லாம் எப்பிடி இழுத்துக்கினு கெடந்துது!"

"அதுக்குத்தாண்டி அனுப்பறேன். அங்க வெயிலு."

குழந்தை அண்ணி அழுவதைப் பார்த்துத் தானும் அழுதது. அழுததில் மூச்சு வாங்கியது. கழுத்துக்குக் கீழே அந்தக் குழி விழுந்தது. நான் மாமனாரிடம் தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்றுதான் நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தேன். வெளியாள் முன்னால் அவரைத் தப்பென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் குழியைப் பார்த்ததும் வாய் தானாகப் பேசிவிட்டது.

"மாமா, அந்த வெயிலு ஆனி மாசத்து வெயிலு."

கணவர் நூலோடு அப்படியே நின்றார்.

"இன்னாம்மா?"

"பத்திரிகை கப்பல்ல ஆப்பிரிக்காவச் சுத்திக்கினு வருது. நம்மகிட்ட வர மூணு நாலு மாசம் ஆவுது. ஐப்பசியில நாம பாக்கறது அவங்களுக்கு எப்பவோ முடிஞ்ச வெயிலு. சித்திரையில நாம பாத்தோமே பனி, அது அவங்க மார்கழிப் பனி மாமா. நாங்க போயி எறங்கறது அந்தப் பனியிலதான்."

கொப்பரையில் தண்ணீர் சலசலத்தது. ஐயம்பேட்டைக்காரர் தன் மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினார். மாமனாரின் முகம் இறுகியது.

"இத எத்தினி வருசமா நான் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கேன்," என்றார். "அப்பவே சொல்றதுக்கு இன்னா கேடு?"

"சொன்னேன் மாமா. கப்பல்ல வருதுன்னு."

"கப்பல்ல வருதுன்னா? நேத்து ஏறி இன்னிக்கி எறங்குதுன்னு நெனச்சிக்கினேன்." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். அன்று மயில்கழுத்து நிறம். பிறகு என் கணவரைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா இது?"

கணவர் கையிலிருந்த நூலின் சிக்கை எடுக்கத் தொடங்கினார். அதுவே பதிலாக இருந்தது.

"புள்ள போவாது," என்றார் மாமனார். "அவ்ளோதான்." ஐயம்பேட்டைக்காரர் பக்கம் திரும்பி, "சரக்க எடுத்து வை, பாக்கலாம்," என்றார். அவர் குரலில் அதற்கு முன் நான் கேட்டிராத ஒரு களைப்பு இருந்தது.

என் கணவர் நூலை மூங்கிலில் போட்டுவிட்டு வெளியே போனார். மத்தியானம் சாப்பிட வந்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உன்னால ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியல. சரி. நீயாவது வர்றியா இல்லியா? நாளைக்கு டிக்கெட்டுக்குச் சொல்லணும்."

"அங்க வெயில் அடிக்கறப்ப பாப்பாவோட வந்து, வெயில் முடியறதுக்குள்ள திரும்பினா?"

"இன்னா, பக்கத்துல இருக்கற தாமலுக்குப் போயிட்டு வர்ற மாதிரியா? உதவித்தொகையில ஒரு தடவதான் டிக்கெட்டு."

அன்று சாயங்காலம் அண்ணி அடுப்படியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தை அவர் மடியில் தூங்கியது. மூச்சு கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நீ போயிட்டு வாம்மா," என்றார். "கல்யாணமாயி வந்த நாள்லேருந்து அந்தப் புத்தகத்த நீ எப்பிடிப் பாப்பேன்னு எனக்குத் தெரியாதா? சோறு பொங்கி வழிஞ்சாகூடத் தெரியாது உனக்கு. ரெண்டு வருசம். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும். இத நான் பாத்துக்க மாட்டேனா?"

"நீங்க பாத்துப்பீங்க அண்ணி. என்னவிட நல்லாப் பாத்துப்பீங்க."

"அப்புறம் இன்னா?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் எனக்காகச் சொல்கிறாரா, தனக்காகச் சொல்கிறாரா என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் கை மட்டும் குழந்தையின் முதுகில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் தடவுவதைவிட மெதுவாக, மூச்சோடு சேர்ந்து.

"என்னால முடியாது அண்ணி," என்றேன். "அங்க போயி எந்தக் கோட்டையப் பாத்தாலும், இப்ப இழுக்குதா இல்லியான்னுதான் நெனச்சிக்கினு நிப்பேன்."

அவர் குழந்தையை என்னிடம் தந்துவிடவில்லை.

மார்கழியில் என் கணவர் தனியாகப் புறப்பட்டார். ரயிலடியில் என்னிடம் கோபமாக இல்லை. குழந்தைக்கு ஆவி பிடிக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்தை எட்டி வை என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பனிக்காலம் குழந்தைக்குச் சுமாராகப் போனது. அடுத்தது மோசம். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தோம். அண்ணியும் நானும் மாற்றி மாற்றி அவளை நிமிர்த்தி வைத்துக்கொண்டோம். இங்கேயே இப்படி என்றால் அங்கே என்ன ஆகியிருக்கும் என்று ஒரு மூச்சுக்கு நினைப்பேன். அங்கே போயிருந்தால் இது வந்தே இருக்காதோ என்று அடுத்த மூச்சுக்கு நினைப்பேன். பத்திரிகை வந்துகொண்டுதான் இருந்தது. கொஞ்ச நாள் அதைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். மாமனாரும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் அவரே வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் பிரித்தேன். ராஜாக்களைப் பற்றி மட்டும் கேட்டார். வெயிலைப் பற்றியும் பனியைப் பற்றியும் கேட்கவில்லை.

இரண்டு வருடப் பயிற்சி முடிந்து என் கணவர் தை மாதத்தில் திரும்பி வந்தார். குழந்தை அண்ணியின் பின்னால் ஒளிந்துகொண்டு அவரை எட்டிப் பார்த்தது. எல்லோரும் உட்கார்ந்திருக்கையில் அவர் அந்த ஊரைப் பற்றிச் சொன்னார். வாடகை அறையின் சுவர் எப்போதும் ஈரமாகவே இருக்குமாம். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருமாம். மாமனார் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நல்லவேளை போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"பக்கத்து வூட்டுல ஒரு பஞ்சாபிக் குடும்பம்," என்று என் கணவர் தொடர்ந்தார். "அவங்க பையனுக்கும் நம்ம பாப்பா மாதிரியே இழுப்பு. ஊருல இருந்தவரைக்கும் படுத்த படுக்கையாம். அங்க ஆஸ்பத்திரியில ஏதோ மருந்து குடுத்தாங்க. இப்ப பள்ளிக்கூடத்துல பந்து விளையாடறான்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, சாப்பாடு ஆகிவிட்டதா என்று கேட்டார். நான் எழுந்து இலை போடப் போனேன்.